பழைய ராப், பழைய இறகு: அம்புத் தண்டிலிருந்து எதை வைத்து எடுப்பது?

போன மாதம் மட்டும் நான்கு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். ஒருவரிடம் ஒரு டஜன் கார்பன் அம்பு, அதன் வால் பக்கம் சுற்றி ஒட்டும் ஸ்டிக்கர் உறையான வினைல் ராப் மூன்று வருடப் பழையது, வெயிலில் காய்ந்து ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பிளேடு வைத்துச் சுரண்டிவிடலாமா என்றார். இன்னொருவர் மகளுக்காகப் பழைய அலுமினிய அம்புகளை யாரிடமோ வாங்கியிருக்கிறார், அதில் முன்பு இறகு ஒட்டியவர் சூப்பர் குளூவைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார், அசிட்டோனில் ஊறப்போட்டால் வந்துவிடுமா என்பது இவர் கேள்வி. மூன்றாமவர் கையில் ஏற்கெனவே ஒரு ஹீட் கன் இருந்தது. நான்காவது ஒரு பள்ளிக்கூடப் பையன், மூங்கில் வில்லும் மர அம்பும் வைத்து ஆடும் இந்தியன் ரவுண்டு போட்டிக்குப் பழகுகிறவன். மர அம்புகளை வெந்நீரில் போட்டு எடுத்த பிறகுதான் "அண்ணா, இது வளைஞ்ச மாதிரி தெரியுதே" என்று வந்து நின்றான்.

நான்கு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. எந்த வழி சீக்கிரம் முடியும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தண்டு எதனால் ஆனது, அதன் மேல் ராப் இருக்கிறதா இல்லையா, இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள், பிறகு வழியைப் பேசலாம் என்றுதான் நான் ஒவ்வொருவரிடமும் ஆரம்பிக்கிறேன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தண்டுக்கு ஆபத்து உண்டா என்பதுதான் முதல் அளவுகோல், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கார்பன் தண்டு என்பது மெல்லிய கார்பன் நார்களை எப்பாக்சி பிசினோடு சேர்த்துக் குழாயாக்கி இறுகவைத்தது. நார்களில் பெரும்பாலானவை நீளவாக்கில் ஓடுகின்றன, குழாயின் சுவரோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான். மேலே குறுக்கு வெட்டு ஒன்று விழுந்தால் அந்த இடத்து நார்கள் அறுந்தது அறுந்ததுதான், எந்தப் பசையும் அதைப் பழையபடி ஆக்காது. நாணை விட்டதும் அம்பு விறைப்பாக நேரே போவதில்லை, மீன் நீந்துவது போல வளைந்து நெளிந்துதான் வில்லைக் கடக்கிறது. அறுந்த இடம் அந்த வளைவைத் தாங்காமல் தண்டு சிதறினால், சில்லுகள் பாய்வது வில்லைப் பிடித்திருக்கிற உங்கள் கைக்குள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, கார்பன் அம்புப் பெட்டியிலேயே வளைத்துப் பார்த்துவிட்டு எய்யுங்கள் என்று எச்சரிக்கை அச்சடித்திருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது, எடுத்த பிறகு தண்டு எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பது. பழைய பசை கடுகளவு மேடாக நின்றாலும் புதிய வேனின், அதாவது பிளாஸ்டிக் இறகின், அடிப்பாகம் முழுசாக உட்காராது. அப்புறம் நாக் (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவுள்ள பிளாஸ்டிக் துண்டு), சில அம்புகளில் அதைத் தாங்கும் ஊசி போன்ற பின் (pin), முனையைப் பொருத்தத் தண்டின் உள்ளே ஒட்டியிருக்கும் இன்சர்ட் ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். மறைமுகச் செலவு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நேரம், வாசனை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பவையும் உண்டு.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. உலக வில்வித்தை விதிகளின்படி ஒரு எண்டில், அதாவது இலக்குக்குப் போய் அம்பைப் பிடுங்கும் முன் தொடர்ந்து எய்யும் ஒரு சுற்றில், எய்யும் அம்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இறகின் நிறமும் அமைப்பும், நாக், தண்டின் மேல் உள்ள வண்ணப் பட்டைகள் எல்லாம் பொருந்த வேண்டும். இரண்டு அம்பில் மட்டும் ராப்பை உரித்துவிட்டு வேறு நிறத்தில் ஒட்டிக்கொண்டு போனால் சோதனையில் மாட்டும். அதனால் எடுப்பது என்று முடிவு செய்தால் செட் முழுவதையும் மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

## கத்தி, பிளேடு, சுரண்டி

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். செலவில்லை, ஆறுகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை, மைதானத்திலேயே முடித்துவிடலாம்.

அலுமினியத் தண்டில், ராப் இல்லாமல் நேரே ஒட்டிய வேன்களை எடுக்க இது நல்ல வழிதான். மழுங்கின பேனாக்கத்தி போதும். அலகைத் தண்டோடு ஏறக்குறையப் படுக்க வைத்து, நீளவாக்கில், உடம்புக்கு வெளிப்பக்கமாகத் தள்ளினால் வேன் அடியோடு வரும், பிறகு பசை மேட்டை மட்டும் மெதுவாகச் சீவலாம். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் வண்ணப்பூச்சு போகும், பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். ஆழமாகக் குடைந்துவிடாத வரை பயமில்லை.

கார்பனில் கதை வேறு. நீளவாக்கில் சுரண்டுவதால் வரும் சேதத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது: ராப்பைப் பிரிக்கத் தொடக்கம் வேண்டுமே என்று அதன் விளிம்பில் பிளேடை வைத்துத் தண்டைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார்கள். தண்டை இதைவிட மோசமாகக் கெடுக்கும் காரியம் எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் மைதானத்தில் பழகும் ஒரு பெண் கொண்டுவந்த அம்பில் நானே பார்த்தேன். கண்ணுக்குச் சரியாக எதுவும் தெரியவில்லை; நகத்தை மெதுவாக ஓட்டினால் நாக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நகம் சிக்கியது. இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காது கொடுத்தபோது உலர்ந்த சுள்ளி நெரிவது போல ஒரு சின்னச் சத்தம். ஆறு அம்பில் நான்கில் அதே இடத்தில் அதே வட்டம். நான்கையும் அங்கேயே உடைத்துப் போட்டோம், யாரும் பிறகு எடுத்து எய்துவிடக் கூடாது என்பதற்காக. பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் நான்கு தண்டு போயிற்று.

கார்பனில் சுரண்டியே ஆக வேண்டும் என்றால் உலோகம் வேண்டாம். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பு, அல்லது இதற்கென்றே கடைகளில் விற்கும் இறகு நீக்கி. அந்தக் கருவியின் வாய் தண்டின் வளைவுக்கு ஏற்ற மாதிரி இருப்பதால் முனை குத்தி இறங்காது. வருடத்துக்கு இரண்டு மூன்று டஜன் மாற்றுகிறவர்களுக்கு அதை வாங்குவது நட்டமில்லை. எமரித் தாள் வைத்துத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்யுங்கள், கார்பன் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

## வெந்நீர்

கார்பன் தண்டு, அதன் மேல் வினைல் ராப், ராப்பின் மேல் வேன். இன்று பெரும்பாலானோர் கையில் இருப்பது இதுதான், இதற்கு வெந்நீரை மிஞ்சிய வழி இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ராப்பின் அடியில் இருப்பது ஸ்டிக்கரில் வரும் அதே வகைப் பசை. சூடு பட்டால் அது இளகும், வினைலும் துவளும், ஒட்டியிருந்த மூன்று வேனும் ராப்போடு சேர்ந்தே வந்துவிடும். வேனைத் தனியாக எடுக்கிற வேலையே இல்லை.

செய்யும் விதம் இது. உயரமான ஸ்டீல் ஜக்கில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, ஓரிரு நிமிடம் விடுங்கள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் தேவையே இல்லை, எப்பாக்சியை எதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். அம்பின் வால் பக்கத்தை, ராப் முழுவதும் மூழ்கும் அளவுக்கு மட்டும், இருபது முப்பது நொடி வையுங்கள். வெளியே எடுத்ததும் வேன்கள் தொளதொளவென்று தொங்கினால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். ராப்பின் இரு விளிம்பும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும் தையல் கோடு ஒன்று இருக்கும். அதன் முனையை நகத்தால் கிளப்பி, தண்டோடு ஒட்டினாற்போல் தாழ்வாகப் பிடித்து மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் படலம் மட்டும் வந்து பசை தண்டிலேயே தங்கும். மெதுவாக இழுத்தால் வாழைப்பழத் தோல் மாதிரி முழுசாக உரியும், அடியில் தண்டு பளபளவென்று புதிதாக நிற்கும். நடுவில் கிழிந்தால் மறுபடி பத்து நொடி முக்கினால் போதும். ஒரு டஜனுக்கு எனக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை.

இனி இதன் மறைமுகச் செலவுகள். நாக்கைக் கழற்றிவிட்டு முக்கினால் குழாய்க்குள் தண்ணீர் ஏறும், பிறகு இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்தி வடியவிட வேண்டியிருக்கும். நாக்கோடு முக்கினால் உள்ளே இருக்கும் காற்றே தண்ணீரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஆனால் அந்த நாக் வெந்நீரில் இருந்தது என்பதை நினைவில் வைத்து, பிறகு பிடிப்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய தண்டுகளில் வரும் பின் நாக் என்றால் இன்னும் கவனம் தேவை. அலுமினிய பின்னை ஹாட் மெல்ட் பசை வைத்துப் பொருத்தியிருந்தால் சூட்டில் அது இளகிக் கோணலாகும், அம்பு ஏன் அங்குமிங்கும் சிதறி விழுகிறது என்று நீங்கள் வில்லைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். கழற்றிய வேன்களைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள், சூடு பட்ட வேன் நெளிந்துதான் இருக்கும்.

ராப் இல்லாமல் நேராகக் கார்பனில் ஒட்டிய வேன்களுக்கு வெந்நீர் அரைகுறையாகத்தான் உதவும். சூப்பர் குளூ சூட்டில் கொஞ்சம் பலம் இழக்கும், அதனால் முக்கிவிட்டு அட்டையால் தள்ளினால் சுலபமாகும், ஆனால் மேடு தங்கும்.

மர அம்புக்கு வெந்நீர் கூடவே கூடாது. மரம் தண்ணீர் குடித்தால் ஊதும், காயும்போது வளையும், மேல் பூச்சும் வெளுத்து உரியும்.

## ஹேர் டிரையர், ஹீட் கன்

இரண்டும் ஒன்றல்ல. ஹேர் டிரையர் வெந்நீர் செய்கிற வேலையையே கொஞ்சம் மெதுவாகச் செய்யும், தண்ணீர் உள்ளே போகும் தொல்லை இல்லை. பின் நாக் வைத்திருப்பவர்களும், ஒரே ஒரு அம்பை மட்டும் சரிசெய்ய நினைப்பவர்களும் தாராளமாக இதை எடுக்கலாம். தண்டைச் சுழற்றிக்கொண்டே காட்டுங்கள், கையால் தொட்டுத் தாங்க முடிகிற சூட்டைத் தாண்ட வேண்டாம்.

ஹீட் கன்னைக் கார்பன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் காற்று பல நூறு டிகிரிக்குப் போகும். ராப் இளகுவதற்கும் பிசின் வேகுவதற்கும் இடையில் உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான், வெந்துபோன பிசினை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த மூன்றாமவரிடம் ஹீட் கன்னை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

## அசிட்டோன், தின்னர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய்

சூப்பர் குளூ வகைப் பசைகளுக்கு அசிட்டோன் சரியான எதிரி, மெதுவாக என்றாலும் கரைத்துவிடும். அலுமினியத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதனால் மகளுக்கு அம்பு வாங்கியவருக்கு நான் சொன்னது இதுதான்: வேனைக் கத்தியால் எடுத்துவிட்டு, பசை மேட்டின் மேல் அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள், பிறகு துடையுங்கள், தேவைப்பட்டால் மறுபடி. அவருக்கு அதுதான் சிறந்த வழி.

ஆனால் நாக்கைக் கழற்றிவிட்டுத்தான். நாக்குகளில் பல பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் செய்தவை, அசிட்டோன் பட்டால் அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் விழும். அந்த நாக் நாணில் இருக்கும்போது உடைந்தால் வில் வெற்று வீச்சு வாங்கும், அதாவது அம்பே இல்லாமல் நாணை விட்டது போல அதிர்ச்சி முழுவதும் வில்லிலேயே இறங்கும்; சக்கரம் வைத்த காம்பவுண்டு வில் என்றால் நாணும் கேம் என்கிற அந்தச் சக்கரமும் சேர்ந்து போகலாம். ஒரு நாக் சில பத்து ரூபாய், அது உடைத்துவிட்டுப் போகிற வில்லின் விலை உங்களுக்கே தெரியும்.

கார்பனை அசிட்டோனிலோ தின்னரிலோ ஊறப்போடாதீர்கள். துணியில் தொட்டு ஒரு துடைப்பு துடைத்து உடனே காயவிட்டால் பாதகமில்லை, ஊறல் என்பது பிசினிலேயே கைவைப்பது. மர அம்பில் அசிட்டோன் வார்னிஷையும் சேர்த்துக் கழற்றிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். அறைச் சூட்டிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் அதேதானே என்று கேட்பார்கள். சிலவற்றில் அசிட்டோனே கிடையாது, சிலவற்றில் நகத்துக்காக எண்ணெய் கலந்திருக்கும்.

எண்ணெய் என்றதும் சொல்லிவிடுகிறேன். புது எவர்சில்வர் பாத்திரத்தின் ஸ்டிக்கர் பசையைத் தேங்காய் எண்ணெய் தேய்த்து எடுப்பது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது, ராப் பசைக்கும் அது வேலை செய்யும், தண்டுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அந்த எண்ணெய் முழுவதும் போகாமல் புது ராப் ஒட்டினால் இரண்டாவது நாளே ஓரம் எழும்பும். மண்ணெண்ணெய்க்கும் இதே குறை, கூடவே நாற்றம்.

## எடுக்காமலே விடுவது

இதையும் ஒரு வழியாக எண்ணிப் பாருங்கள், பலர் எண்ணுவதில்லை. நிஜ இறகு நசுங்கி மடிந்து மட்டும் இருந்தால், கெட்டிலில் வரும் ஆவியில் சில நொடி காட்டிச் சுழற்றுங்கள், இறகு தானாக நிமிரும். அது மர அம்பாகவே இருந்தாலும் இறகுக்கு மட்டும் ஆவி படுகிற மாதிரி பிடித்தால் சரி. ராப் நன்றாக இருந்து ஒரு வேன் மட்டும் போயிருந்தால், அந்த ஒன்றை மட்டும் எடுத்து அதே இடத்தில் புதிதை ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம். ரீகர்வ் (ஒலிம்பிக்கில் பார்க்கும் வில்) ஆடுகிறவர்கள் 70 மீட்டருக்கு வைக்கும், சுருண்ட மெல்லிய ஸ்பின் வேன்கள் இருபக்க டேப்பில்தான் நிற்கின்றன, அவற்றை விரலாலேயே உரித்து டேப் பிசுக்கை ஆல்கஹாலில் துடைத்தால் வேலை முடிந்தது.

## தண்டை வைத்துப் பார்த்தால்

| தண்டு | முதல் தேர்வு | பரவாயில்லை | வேண்டவே வேண்டாம் |
|---|---|---|---|
| கார்பன், ராப் உண்டு | வெந்நீர் | ஹேர் டிரையர் | பிளேடு, ஹீட் கன் |
| கார்பன், ராப் இல்லை | இறகு நீக்கி அல்லது பிளாஸ்டிக் அட்டை | முதலில் வெந்நீர், பிறகு அட்டை | அசிட்டோனில் ஊறல் |
| கார்பன், பின் நாக் | ஹேர் டிரையர் | பின் மூழ்காமல் வெந்நீரை ஊற்றுவது | கொதிநீர் |
| அலுமினியம் | கத்தி, பிறகு அசிட்டோன் | வெந்நீர் | நேரடித் தீ |
| மரம் | கத்தியால் மெதுவாக | மென்மையான எமரித் தாள் | வெந்நீர், அசிட்டோன் |

அலுமினியம் உள்ளே, கார்பன் வெளியே என்று இரண்டும் சேர்ந்த தண்டு வைத்திருப்பவர்கள் அதைக் கார்பனாகவே நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிளேடு தொடுவது வெளி அடுக்கைத்தான்.

## எடுத்த பிறகு

எந்த வழியில் எடுத்தாலும் கடைசித் துடைப்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இருக்கட்டும். கடையில் கிடைக்கும் கை சானிடைசரில் ஜெல்லும் ஈரப்பதத்துக்கான பொருள்களும் கலந்திருக்கும், அது பதிலாகாது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு: தண்டின் மேல் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, பாத்திரம் தேய்க்கும் பவுடரைத் தொட்டு இன்னொரு முறை கழுவ வேண்டும். படலமாகப் பரவினால் சுத்தம். காய்ந்த பிறகு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். சென்னை மாதிரி எப்போதும் வியர்க்கிற ஊரில் ஒரு கைரேகையே பசையைக் கெடுக்கப் போதும்.

மறுபடி ராப் போடலாமா என்பது இதோடு சேர்ந்த கேள்வி. 4 அங்குல ராப் ஏறத்தாழ 6 முதல் 10 கிரெய்ன் எடை, கிட்டத்தட்ட அரை கிராம். சின்னது போலத் தெரியும், ஆனால் அது வால் பக்கம் உட்காரும் எடை. ராப்போடு டியூன் செய்த, அதாவது வில்லுக்குப் பொருந்தும்படி சரிபார்த்த, அம்பை ராப் இல்லாமல் எய்தால் எடை முன்பக்கம் சாயும், தண்டும் கொஞ்சம் இளகினது போல நடந்துகொள்ளும், 50 மீட்டரில் சைட்டை (வில்லில் குறிபார்க்கும் கருவி) நகர்த்த வேண்டி வரும். அதனால் முன்பு இருந்தது போலவே போடுங்கள், அல்லது செட் முழுவதிலும் விட்டுவிட்டுப் புதிதாக டியூன் செய்யுங்கள். அடிக்கடி வேன் கிழிகிறவர்களுக்கு ராப் போடச் சொல்வேன், அடுத்த தடவை உரிப்பது அரை மணி நேர வேலையாகிவிடும்.

ஒட்டுவதற்கு முன் கார்பன் தண்டு ஒவ்வொன்றையும் முகத்தைவிட்டு விலக்கிப் பிடித்து, லேசாக வளைத்து, கொஞ்சம் சுழற்றி மறுபடி வளைத்து, நான்கு பக்கமும் காது கொடுத்துக் கேளுங்கள். நெரிகிற சத்தம் வந்தாலோ நகம் சிக்கினாலோ அது இனி அம்பு இல்லை.

அந்தப் பள்ளிக்கூடப் பையனின் மர அம்புகளை இரண்டு நாள் நிழலில், சமதளத்தில் படுக்க வைத்துக் காயவைத்தோம். பிறகு டிரையரின் இளஞ்சூட்டில் காட்டி, வளைவின் முதுகை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நிமிர்த்தினோம். ஆறில் நான்கு நேராகிவிட்டன, கண்ணாடி மேசையில் உருட்டினால் தட்டாமல் ஓடுகின்றன. மற்ற இரண்டில் நாக் பக்கம் மரத்தின் ரேகையோடு வெடிப்பு தெரிந்தது, அவற்றை அவன் கையாலேயே முழங்காலில் வைத்து உடைக்கச் சொன்னேன். புது இறகு இந்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டுகிறோம், இந்த முறை கத்தியை எப்படிப் படுக்க வைப்பது என்று அவனுக்குத் தெரியும்.